மண்ணும் மலமும் சாக்ஸும்: நாய் தின்பதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: டாக்டர், எங்கள் ஜூலிக்கு நான்கு வயது. லேப்ரடார் கலப்பு, பெண், கருத்தடை செய்தாயிற்று, எடை 24 கிலோ. காலையும் மாலையும் ஒவ்வொரு கப் டிரை ஃபுட் வைக்கிறோம். சின்னக் குட்டியாக இருந்தபோதிலிருந்தே தட்டில் தின்னாது. வாய் நிறைய அள்ளிக்கொண்டு வந்து ஹாலில் கொட்டி அங்கே உட்கார்ந்துதான் தின்னும். வெளியே கூட்டிப்போனால் ஆடு மாதிரி புல் மேயும். அதெல்லாம் பரவாயில்லை. ஆறு மாதமாகத் தன் மலத்தையே தின்கிறது. அருவருப்பில் குழந்தைகள் அதன் பக்கத்திலேயே போவதில்லை. திட்டிப் பார்த்தோம், மூக்கை அதில் தேய்த்தும் பார்த்தோம், மலத்தின் மேல் மிளகாய்த்தூள் தூவியும் பார்த்தோம். கேட்கவில்லை. ஒரு மாதமாகத் தொட்டி மண்ணையும் தின்கிறது, சுவரையும் நக்குகிறது. போன வாரம் மகனுடைய சாக்ஸ் ஒன்றைக் காணவில்லை. கால்சியம் குறைவாக இருக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். டானிக் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அதிகம் வருந்தி எழுதியிருப்பது மலத்தைப் பற்றி. எனக்குக் கவலை தருவது கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் இரண்டு விஷயங்கள்: காணாமல்போன சாக்ஸ், ஒரு மாதமாகத் தின்னும் மண். நாயின் தீனிப் பழக்கத்தில் பார்ப்பவருக்கு அருவருப்பாக இருப்பது ஒன்று, நாய்க்கு ஆபத்தாக இருப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். இன்னொன்றும் உண்டு. குட்டியிலிருந்தே இருக்கும் பழக்கம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பெரும்பாலும் குணம்தான். வளர்ந்த நாய்க்குப் புதிதாக ஒட்டிக்கொண்ட பழக்கம்தான் நோயாக இருக்க வாய்ப்புள்ளது. ஜூலியிடம் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. அதனால் ஒரே டானிக்கில் எல்லாவற்றுக்கும் முடிவுகட்ட முடியாது.

முதலில் சாக்ஸ். துணியை விழுங்கிய நாய் அன்றைக்கே சுருண்டு படுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். துணி இரைப்பையில் நாள்கணக்கில், சில நாய்களில் வாரக்கணக்கில்கூட, சும்மா கிடக்கும். அது நகர்ந்து சிறுகுடலுக்குள் போய் மாட்டும்போதுதான் அடைப்பு ஆரம்பமாகும். ஆகவே ஒரு வாரம் ஆயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். வீடு முழுக்கத் தேடிப் பாருங்கள். சாக்ஸ் கிடைக்கவில்லை என்றால் விழுங்கியதாகவே வைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். எக்ஸ்ரேயில் துணி நேரடியாகத் தெரியாது. குடலில் வாயு எப்படித் தேங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஊகிப்பார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இன்னும் தெளிவாகப் பிடிபடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தால், ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீர் குடித்தாலும் வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது, மலமே வராதது அல்லது முக்கி முக்கிக் கொஞ்சம் சளி மட்டும் வருவது, முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நிற்பது: இவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், அந்த நேரத்துக்கே கிளம்புங்கள். அடைபட்ட குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, அந்தத் துண்டு அழுகிப்போகும். ஒரு நாள் தாமதத்தில், குடலைக் கீறித் துணியை எடுத்துத் தைக்கிற அறுவை, குடலில் ஒரு பகுதியையே வெட்டி நீக்குகிற அறுவையாக மாறிவிடும்.

இனி ஒருமுறை உங்கள் கண்ணெதிரே விழுங்கினால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொருள் இரைப்பையில்தான் இருக்கும். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தோ எண்டோஸ்கோப்பால் பிடித்தோ வெளியே எடுத்துவிடலாம். வீட்டில் உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் வேலை வேண்டாம். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும்; அதுவே உயிரை எடுத்துவிடும். எண்ணெய் புகட்டினாலும் ஆபத்து, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆசனவாயிலோ நாக்குக்கு அடியிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. நூலின் மறுமுனை உள்ளே எங்கோ மாட்டியிருக்கும். இழுத்தால் குடல் சுருங்கி, நூல் கத்தி போல அதை அறுத்துவிடும்.

சாக்ஸை விழுங்கக் காரணம் என்ன? பெரும்பாலான வீடுகளில் நடப்பது இது. நாய் சாக்ஸைக் கவ்வுகிறது. வீட்டில் ஒருவர் கத்திக்கொண்டு துரத்துகிறார், வாயைப் பிளந்து பிடுங்குகிறார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் நாய் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: கையில் அகப்படுவதற்கு முன் விழுங்கிவிட வேண்டும். கடித்து விளையாடிவிட்டுப் போட வேண்டிய பொருள் வயிற்றுக்குள் போவதற்கு இந்தத் துரத்தல்தான் பல இடங்களில் காரணம். எனவே பிடுங்குவதை நிறுத்தி, மாற்றிக் கொடுப்பதைப் பழக்குங்கள்.

முதலில் ஜூலிக்கு அவ்வளவாக ஆசையில்லாத ஒரு பொம்மையைக் கொடுங்கள். வாயில் வைத்திருக்கும்போதே, விரல்நுனி அளவு வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோங்கள். வாய் திறந்து பொம்மை விழும் அந்தக் கணத்தில் ‘விடு’ என்று சொல்லுங்கள், துண்டைக் கொடுங்கள், பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதுதான் இதில் முக்கியம், பலரும் கோட்டைவிடுவதும் அங்கேதான். விட்டால் பொருள் போய்விடும் என்ற பயம் அதனால்தான் தீர்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். சொன்னதும் விடப் பழகிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பிடித்த பொருள்களுக்குப் போங்கள். மூக்கருகே துண்டைக் காட்டாமல் ‘விடு’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வாயிலிருந்து விட்ட பிறகே துண்டு கையில் வர வேண்டும்.

இந்தப் பயிற்சி முடியும் முன் சாக்ஸைக் கவ்விவிட்டால், பக்கத்தில் போகாமல், நாலைந்து அடி தள்ளி ஒரு கைப்பிடித் தீனியைத் தரையில் சிதறவிடுங்கள். அது பொறுக்க வரும்போது சாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். உறுமினால் கை நீட்ட வேண்டாம். அதே சமயம் அழுக்குத் துணிக்கூடைக்கு மூடி போடுங்கள், குழந்தைகள் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். பயிற்சியைவிட மூடி சீக்கிரம் வேலை செய்யும்.

அடுத்து மண்ணும் சுவரும். நாலு வயது நாய் ஒரு மாதமாகப் புதிதாக மண் தின்கிறது என்றால் முதலில் இரத்தசோகையைத்தான் சந்தேகிக்க வேண்டும். கொக்கிப்புழு குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். உண்ணி கடித்துப் பரவும் கிருமிகள் ரத்த அணுக்களை அழிக்கும். இரைப்பைப் புண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியலாம். இவற்றில் எது இருந்தாலும் நாய் மண்ணைத் தேடலாம்.

வீட்டிலேயே இன்று ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஜூலியின் மேலுதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலுள்ள ஈற்றைப் பாருங்கள். நன்றாக இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈற்றை விரலால் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு கறுப்பு நிறமாக இருந்தால் கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். அடுத்து, அது நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். ஈறு வெளிர் நிறமாகவோ மஞ்சளாகவோ இருந்தால், மூச்சு அதைவிட அதிகமாக இருந்தால், மலம் தார் போலக் கறுத்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். ஈறு சிவப்பாகத் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். மெல்ல மெல்ல இறங்கும் இரத்தசோகை கண்ணுக்குத் தெரிய நாளாகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும். காதுமடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சுவர் நக்குவது கொஞ்சம் வேறு கதை. தரை, சுவர், சோபா என்று எதையாவது விடாமல் நக்கும் நாய்க்குக் குமட்டல் இருக்கலாம். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இப்படி நக்கும் 19 நாய்களைப் பரிசோதித்தார்கள். அதில் 14-க்கு இரைப்பையிலோ குடலிலோ கோளாறு இருந்தது. அதுவரை இது மனக்கோளாறு, பொழுதுபோகாத பழக்கம் என்றே பெரும்பாலும் எண்ணப்பட்டு வந்தது. நக்குவதோடு உதட்டை நக்குவது, ஒன்றுமில்லாமலே விழுங்குவது, எச்சில் ஒழுகுவது, விடிகாலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுப்பது இவையும் சேர்ந்திருந்தால் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். மூன்று நாள் கவனித்து, எந்த நேரத்தில் நக்குகிறது என்று குறித்து வையுங்கள். வெறும் வயிற்றில் நக்குகிறதா, சாப்பிட்ட பிறகு நக்குகிறதா என்பது மருத்துவருக்கு உதவும்.

காரணம் தெரியும்வரை அந்தச் சுவருக்கும் தொட்டிக்கும் போக வழியில்லாமல் செய்யுங்கள். பழைய பெயிண்ட் உரியும் சுவராக இருந்தால் ஈயம் வயிற்றுக்குள் போகும். வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை கொண்டுபோய் விடும். தொட்டி மண்ணில் மண் மட்டும் இருப்பதில்லை. எலும்புத்தூள் உரம் நாய்க்கு மணக்கும். அதற்காகவே தோண்டித் தின்னும் நாய்கள் உண்டு. ஒருவேளை உரம் போட்ட நாளிலிருந்துதான் இந்தப் பழக்கம் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் விடை சுலபம். ஆமணக்குப் புண்ணாக்கு கலந்த உரமும் நத்தையைக் கொல்லப் போடும் குருணையும் விஷம். அவை தொட்டியில் இருந்தால் ஒரு வாய் தின்றதற்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொட்டியின் மேல் மண் தெரியாதபடி கைப்பிடி அளவு பெரிய கூழாங்கற்களை அடுக்கலாம். சிறிய கல் வேண்டாம், அதையும் விழுங்கும்.

கால்சியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மண் தின்றால் தாதுக் குறைவு என்ற எண்ணம் மாட்டிலிருந்து வந்தது. பாஸ்பரஸ் இல்லாத நிலத்தில் மேயும் மாடு எலும்பையும் மண்ணையும் தேடித் தின்னும், அது உண்மை. நாயின் கதை அப்படியல்ல. நாயின் ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். அதையும் மீறிக் குறைந்தால் தெரியும் அறிகுறி நடுக்கமும் தசை இழுப்பும் வலிப்பும்தான். பாலூட்டும் தாய்நாயில் அதைப் பார்க்கலாம். முழுச் சத்துணவு என்று குறிப்பிட்ட டிரை ஃபுட் தின்னும் நாய்க்கு வேண்டிய கால்சியம் அதிலேயே இருக்கிறது. மேலும் மேலும் ஊற்றினால் துத்தநாகம் போன்ற மற்ற சத்துகள் உடலில் சேர்வது குறையும். வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பே கோணலாகிவிடும். டானிக்கில் உள்ள இனிப்பு எது என்றும் பாருங்கள். சைலிடால் என்றிருந்தால் அந்தப் பாட்டிலை நாயின் அருகிலேயே வைக்காதீர்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு, நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று கீழே இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். வெறும் வீட்டுச் சாப்பாடு மட்டும் தின்னும் நாய்க்குக் கால்சியம் உண்மையிலேயே குறையலாம். அங்கேயும் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்து அளவு சொல்ல வேண்டும், குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

இப்போது மலத்துக்கு வருகிறேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் சுமார் 3,000 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2018-ல் வெளியிட்டதில், 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை என்று தெரிந்தது. அதாவது ஆறில் ஒன்று. வீட்டில் ஒழுங்காகப் பழக்கப்பட்ட நாய், பழக்கப்படாத நாய் என்ற வித்தியாசம் இல்லை. தின்னும் தீனியின் வகைக்கும் தொடர்பு தெரியவில்லை. எதையும் லபக்கென்று விழுங்கும் பேராசைக்கார நாய்களிடம் அதிகம் இருந்தது. லேப்ரடார் ரத்தம் ஓடும் ஜூலியைப் பற்றி அந்த வகையில் எனக்கு ஆச்சரியம் இல்லை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியடங்கும் உணர்வைக் குறைக்கும் ஒரு மரபணு மாற்றம் உண்டு. தின்னப்பட்டதில் பெரும்பகுதி இரண்டு நாளுக்குள்ளான புது மலம். குகையில் வாழ்ந்த காலத்தில் புழு முட்டைகள் முற்றித் தொற்றும் நிலைக்கு வரும் முன் இருப்பிடத்தைச் சுத்தம் செய்த ஓநாய்ப் பழக்கத்தின் மிச்சமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். குட்டி போட்ட தாய்நாய் இன்றும் குட்டிகளின் மலத்தைத் தின்றுதான் படுக்கையைச் சுத்தமாக வைக்கிறது.

அதே ஆய்வில், மலத்தின் சுவையைக் கெடுக்கும் என்று சொல்லி விற்கும் மாத்திரைகளும் பொடிகளும் பலன் தந்தது 0 முதல் 2 சதவீதம் பேருக்குத்தான். மிளகாய்த்தூளும் அந்த வகைதான். கூடுதலாக வாயும் இரைப்பையும் எரியும், அவ்வளவே. மூக்கைத் தேய்ப்பதைத் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். அடிபடக் காரணம் தின்றதா, மலம் கழித்ததா என்று நாய்க்குப் புரியாது. கழித்ததற்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும் நாய், தடயத்தை அழிக்க இன்னும் வேகமாகத் தின்னும். அல்லது உங்கள் கண்ணில் படாத மூலையில் போய்க் கழிக்கும்.

ஆனாலும் ஜூலிக்கு இது ஆறு மாதப் பழக்கம்தான், குட்டியிலிருந்து இல்லை. ஆகவே குணம் என்று முடிவு செய்யும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். மலம் முன்பைவிடக் குவியலாகவும் வெளிர் நிறமாகவும் எண்ணெய்ப் பசையோடும் வருகிறதா? நன்றாகத் தின்றும் இளைக்கிறதா? அப்படியானால் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமல் இருக்கலாம். பாதி செரிக்காத மலத்தில் நாய்க்கு இன்னும் உணவு வாசனை வீசும். இதற்கு எட்டு மணி நேரமாவது பட்டினி போட்டு எடுக்கும் ரத்தத்தில் டிஎல்ஐ என்ற பரிசோதனை இருக்கிறது. உறுதியானால் ஒவ்வொரு வேளை உணவிலும் நொதிப் பொடி கலந்தால் போதும், சில வாரங்களில் உடம்பு தேறும். தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தால் நீரிழிவையும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறையும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை, வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் என்று ஏதாவது தொடங்கியிருந்தால் அதுவே பசியைக் கிளப்பிவிட்டிருக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

நோய் இல்லை என்று தெரிந்துவிட்டால் மலத்துக்குத் தீர்வு உங்கள் கால்களில்தான் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த 15 முதல் 30 நிமிடத்துக்குள் பெரும்பாலான நாய்களுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கயிற்றோடு வெளியே கூட்டிப்போங்கள். பையில் நல்ல தீனி இருக்கட்டும். கழித்து முடித்து நிமிரும் அந்தக் கணத்தில், திரும்பி மோப்பம் பிடிக்கும் முன், உற்சாகமாகக் கூப்பிட்டு இரண்டு மூன்று அடி தள்ளிவந்து தீனி கொடுங்கள். அது மெல்லும்போது நீங்கள் அள்ளிவிடுங்கள். கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். சில வாரங்களில் கழித்ததும் தானே உங்கள் முகத்தைப் பார்க்கும். அதுவரை ஒரு தடவைகூடத் தனியாக வெளியே விடக் கூடாது. நடுவில் ஒரே ஒரு முறை தின்னக் கிடைத்தாலும் பழைய பழக்கம் புத்துயிர் பெற்றுவிடும். குழந்தைகள் முகத்தை நக்கவிடாதீர்கள், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அதற்காக நாயை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாய் நிறைய அள்ளிவந்து ஹாலில் தின்பது கெட்ட பழக்கம் அல்ல. கூட்டமாக வாழும் மிருகம் தன் பங்கைத் தள்ளிக் கொண்டுபோய்த் தின்னும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் தட்டு இருந்தால், கழுத்து மணி பட்டுத் தட்டு ஒலித்தால், தட்டு தரையில் வழுக்கிக்கொண்டே போனால், இன்னும் அதிகமாகச் செய்யும். தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, சுவர் ஓரமாக, அது எல்லோரையும் பார்த்தபடி தின்னும் திசையில் வையுங்கள். மாறவில்லை என்றால் ஹாலிலேயே ஒரு பாயை விரித்து விடுங்கள். இதே பழக்கம் வயதான நாய்க்குப் புதிதாக வந்தால், ஒரு பக்கமாக மட்டும் மென்றால், வாயிலிருந்து தீனி விழுந்தால் பல்லைக் காட்ட வேண்டும். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் உடைந்திருக்கலாம்.

புல்லுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. 2008-ல் அதே டேவிஸ் வளாகத்தார் கேட்டறிந்ததில், செடி தின்னும் நாய்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அதற்கு முன் உடல்நலமில்லாமல் இருந்தன. வழக்கமாக வாந்தி எடுத்தவை 22 சதவீதம். வயிற்றைச் சுத்தம் செய்யத்தான் புல் தின்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் அவ்வளவுதான். களைக்கொல்லி அடித்த இடத்தில் மட்டும் விடாதீர்கள். திடீரென்று வெறிபிடித்ததுபோல் புல்லை மெல்லாமல் விழுங்கினால் அது குமட்டல்.

தீனி அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப் என்று எழுதியிருக்கிறீர்கள். கப் அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். தராசில் நிறுத்துப் போடுங்கள். கணக்கு இப்படி: எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 24 கிலோவுக்கு 790. கருத்தடை ஆன, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கினால் சுமார் 1,260 கலோரி. இது தொடக்க அளவு மட்டுமே. 100 கிராமுக்கு 370 கலோரி உள்ள தீனி என்றால் மொத்தம் 340 கிராம். பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுகளுக்குப் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, தட்டில் 305 கிராம். உங்கள் பாக்கெட்டில் எத்தனை கலோரி என்று பார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். கையால் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு எண்ணக் கிடைக்க வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். விலா துருத்தினால் தீனி போதவில்லை, தேடித் தின்பதற்குப் பசியே காரணமாக இருக்கலாம். விலாவே அகப்படவில்லை என்றால் எடை அதிகம், அளவைக் கூட்டவே கூடாது.

அந்த 305 கிராமில் பாதியை மட்டும் தட்டில் போடுங்கள். மீதியைப் புல்வெளியில் தூவித் தேடவிடுங்கள், அல்லது குழியுள்ள ரப்பர் பொம்மையில் அடைத்துக் கொடுங்கள். நாளுக்கு இரண்டு நடை, ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாமல், மோப்பம் பிடிக்கும் இடத்தில் நின்று நிதானித்து. கடிக்கக் கொடுக்கும் பொருள் முழுதாக வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியாத கடினப் பொருள் பல்லை உடைக்கும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், அது வேண்டவே வேண்டாம். தீனியின் வகையை மாற்றுவதாக இருந்தால் ஏழு முதல் பத்து நாளில், புதுத் தீனி கால் பங்கு, பாதி, முக்கால் என்று கலந்து மாற்றுங்கள். இடையில் வேறு தீனி எதுவும் நுழைக்காதீர்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்குக்கு எது காரணம் என்றே தெரியாது.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கொண்டுபோங்கள்: தீனிப் பாக்கெட்டின் பின்பக்கப் படம், தொட்டியில் போட்ட உரத்தின் பாக்கெட், ஆறு மாதத்தில் கொடுத்த மருந்துகளின் பட்டியல், சுவர் நக்கும்போது எடுத்த வீடியோ, கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி. வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது தேவை. அளவு அன்றைய எடைக்குத் தக்கபடி. கட்டைவிரல் அளவு புது மலம் மூடியுள்ள டப்பாவில் வேண்டும். ஒரே நாள் மாதிரி போதாது. புழு தினமும் முட்டையிடாததால், வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று மாதிரிகள் இருந்தால் நல்லது. ஒரு சிக்கலும் உண்டு. வேறு நாயின் அல்லது பூனையின் மலத்தை ஜூலி தின்றிருந்தால் அதிலிருந்த முட்டைகள் ஜூலியின் மலத்திலும் அப்படியே வெளிவரும். அது ஜூலிக்குப் புழு இருப்பதாகக் காட்டிவிடும். எனவே எங்கெல்லாம் எதைத் தின்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனைகளை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸுக்காக வயிற்று எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன் முதலில். அதே நாளில் முழு ரத்தப் பரிசோதனை, உண்ணிக் கிருமிச் சோதனை, மலப் பரிசோதனை. மலம் குவியலாக வந்தால் டிஎல்ஐ. எல்லாம் சரியாக வந்து, தொட்டியை மூடி, தீனியை நிறுத்துப் போட்ட பிறகும் ஒரு மாதத்தில் சுவர் நக்குவது நிற்கவில்லை என்றால், எளிதில் செரிக்கும் ஒரே வகைச் சிகிச்சைத் தீனியை மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்கலாமா, இரைப்பையை எண்டோஸ்கோப்பில் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடலிலும் ஒன்றுமில்லை என்ற பிறகுதான் மனஅழுத்தம், தனிமை என்ற பக்கம் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்கும்போது ஒரு கேமராவை வைத்து, தனியாக இருக்கையில் மட்டும் மண் தின்கிறதா, ஆள் இருந்தாலும் தின்கிறதா என்று பதிவுசெய்து வையுங்கள். அந்தப் பதிவை நாய்களின் நடத்தையில் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.